கயிறு விழுந்த ஏடு: பெண்ணாடமும் யி ஜிங்கும்

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், விருத்தாசலம் தாண்டிப் போனா பெண்ணாடம். தேவாரத்தில் அந்தக் கோயிலுக்குப் பெயர் திருத்தூங்கானைமாடம். 13-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் அச்சுத களப்பாளர் என்று ஒருவர் இருந்தார். வசதிக்குக் குறையில்லை, பிள்ளை மட்டும் இல்லை. தன் குலகுருவான சகலாகம பண்டிதரைப் பார்க்கத் திருத்துறையூருக்குப் போனார். திருத்துறையூர் பண்ருட்டிக்குப் பக்கத்துல இருக்கு, இதுவும் கடலூர் மாவட்டம்தான்.

பண்டிதர் ஜாதகம் பார்க்கவில்லை. தேவார ஏட்டுக்கட்டை எடுத்துப் பூஜையில் வைத்து, அதில் கயிறு சாத்திப் பார்த்தார். ஏட்டுக் கட்டுக்குள்ள ஒரு நூலை விடுவாங்க. அது எந்த ஏட்டுல விழுதோ, அதைப் பிரித்து வருகிற பாட்டைக் கேள்விக்கான விடையா எடுத்துக்குவாங்க. அன்றைக்கு வந்தது ஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் ஒரு பாட்டு. இன்றைக்கு இரண்டாம் திருமுறையில் இருக்கு. அங்குள்ள முக்குளத்தில் தோய்ந்து வழிபடுகிறவர்களுக்குப் பிள்ளைப்பேறு உண்டு, மனத்தில் நினைத்த வரமும் கிடைக்கும், இதில் சந்தேகமே வேண்டாம் என்பது அந்தப் பாட்டின் சாரம்.

களப்பாளரும் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போனாங்க, முக்குளத்தில் நீராடி அங்கேயே தங்கி வழிபட்டாங்க. பிறந்த குழந்தைக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தாங்க: சுவேதவனப் பெருமாள். வெண்காடு என்பதன் வடமொழிதான் சுவேதவனம். அந்தக் குழந்தைதான் பின்னாடி சிவஞானபோதம் செய்த மெய்கண்டார்.

தமிழ் சைவ சித்தாந்தத்தின் மூல நூலை எழுதினவர் பிறந்த கதை ஒரு கயிறு எங்கே விழுந்தது என்பதில் தொடங்குது. சந்தானாசாரியர்களைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த புராணங்கள் சொல்கிற கதை இது. இதைக் கல்வெட்டு மாதிரி ஆவணமா எடுத்துக்க முடியாது. ஆனா தர்க்கத்தில் இவ்வளவு கறாரான ஒரு மரபு, தன் முதல் ஆசிரியரின் பிறப்புக்கு முன்னால் ஒரு குறிபார்த்தலை ஏன் வைத்துக்கொண்டது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

இதே கேள்வியை நம்மைவிட ரொம்ப நீளமா, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல, எழுத்தில் வாதாடினவங்க சீனாவில் இருக்காங்க. அதனால முதல்ல அங்கே போய்ட்டுத் திரும்பக் கடலூர் பக்கம் வருவோம்.

ஆறு கோடு, அறுபத்து நான்கு படம்

யி ஜிங் என்பது சீனாவின் பழைய குறிநூல். நம்ம ஊர்ல பலர் ஐ சிங்னு சொல்றாங்க. இதன் அடிப்பகுதி ஏறத்தாழ மூவாயிரம் வருஷப் பழமை, மேற்கு சௌ அரசர்கள் காலம். முழுக்கோடு, நடுவில் உடைந்த கோடு என்று இரண்டே குறி. ஆறு கோட்டை ஒன்றன்மேல் ஒன்றா அடுக்கினா 64 படம் வரும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர், ஒரு சிறு தீர்ப்பு. ஒவ்வொரு கோட்டுக்கும் தனியா ஒரு வரி.

என்னைப் போல சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இங்கே உடனே லைப்னிட்ஸ் ஞாபகம் வருவார். பெய்ஜிங்கில் இருந்த பூவே என்ற ஏசுசபைப் பாதிரியார் 64 படங்களின் ஒரு வரிசையை அவருக்கு அனுப்பினார். லைப்னிட்ஸ் அதில் தன் பைனரி எண்முறையைப் பார்த்து வியந்து, 1703-இல் கட்டுரையும் எழுதினார். அந்த வரிசையை அமைத்தவர் ஷாவ் யோங் என்ற சோங் காலத்து அறிஞர். ஆறு பிட், 64 நிலை, கணக்கு சரிதான். ஆனா யி ஜிங்கைப் பற்றி இணையத்தில் தமிழில் எழுதுறவங்க பெரும்பாலும் இதோட நிறுத்திடுறாங்க. கன்பூசிய அறிஞர்களுக்கு எண்ணைவிட அந்தப் படம் வந்தபிறகு கேட்டவன் என்ன செய்கிறான் என்பதுதான் முக்கியம்.

முறையைச் சொல்லிடறேன். ஐம்பது குச்சி எடுத்து ஒன்றைத் தனியா வைக்கணும். மீதி 49-ஐ இரண்டாப் பிரித்து, நாலு நாலா எண்ணிக் கழிக்கணும். மூன்று முறை கழித்தா ஒரு கோடு, பதினெட்டு முறை கழித்தா ஆறு கோடும் முடியும். ஒவ்வொரு கோடும் 6, 7, 8, 9 என்ற நாலு எண்ணில் ஒன்றாக வரும். 7-ம் 9-ம் முழுக்கோடு, 6-ம் 8-ம் உடைந்த கோடு. இதில் 6-ம் 9-ம் 'மாறும்' கோடுகள், அதாவது எதிர்க்கோடாகத் திரும்பி இரண்டாவது படத்தை உண்டாக்கும். குச்சி முறையில் இவற்றுக்கான வாய்ப்பு 6-க்கு 16-இல் 1, 7-க்கு 5, 8-க்கு 7, 9-க்கு 3. பிற்காலத்தில் வந்த மூன்று காசு முறையில் இது எட்டில் 1, 3, 3, 1 என்று சமமாயிடும். எந்தக் கோடும் மாறாமல் ஒரே படம் வருவதற்கான வாய்ப்பு இரண்டு முறையிலுமே ஏறத்தாழ 18 சதவீதம்தான். பெரும்பாலும் ஒரு படம் இன்னொன்றாக மாறுகிற நிலையில்தான் விடை வரும். "நீ இப்போ இங்கே இருக்கே, இப்படி நகர்ந்துட்டு இருக்கே" என்பதுதான் அதன் வடிவம்.

அரசி மறுத்த நல்ல பலன்

சீன வரலாற்று நூலான ட்சுவோ ஜுவானில், கி.மு. 564-ஆம் ஆண்டுக் குறிப்பில் ஒரு மரணச் செய்தி வருது. லு நாட்டின் மூத்த அரசி மூ ஜியாங் இறந்துபோனார். கன்பூசியஸ் பிறந்தது அதே லு நாட்டில், இதற்குச் சில வருஷம் கழித்து. இந்த அரசி தன் கள்ளக் காதலனோடு சேர்ந்து நாட்டின் பெரிய குடும்பங்களை ஒழிக்கத் திட்டம் போட்டவர். திட்டம் உடைந்து, கிழக்கு அரண்மனையில் அடைக்கப்பட்டார்.

அடைபட்ட சமயத்தில் குறி பார்த்தாங்க. வந்த படத்தின் பெயர் சுய், அதாவது பின்தொடர்தல். குறிகாரர் சந்தோஷமா சொன்னார், இது வெளியேறுவதற்கான படம், சீக்கிரம் வெளியே போயிடுவீங்க என்று. அரசி ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்துக்கு நல்ல பலன் சொல்லியிருப்பது உண்மைதான், ஆனா அந்தப் பலன் நான்கு நற்குணம் உள்ளவர்களுக்கு. நான் நாட்டைக் குழப்பினேன், என் நிலையை விட்டு இறங்கினேன், அந்த நான்கில் ஒன்றும் என்னிடம் இல்லை. கெட்டதைத் தேடினவளுக்கு இந்த நல்ல பலன் எப்படிப் பொருந்தும்? நான் இங்கேயேதான் சாவேன் என்றார். அப்படியே ஆச்சு.

இதே நூலில் கி.மு. 530-இல் இன்னொரு சம்பவம். நான் குவாய் என்ற அதிகாரி தன் தலைவருக்கு எதிராகக் கலகம் செய்ய நினைத்து, விஷயத்தைச் சொல்லாமல் குறி பார்த்தார். மிக நல்ல வரி ஒன்று வந்தது. ஒரு நண்பரிடம் காட்டினார். அவர் சொன்ன பதில்: விசுவாசமான காரியம்னா இது பலிக்கும், இல்லேன்னா தோற்கும், யி நூலை வைத்து ஆபத்தான சூழ்ச்சிகளைக் குறி கேட்க முடியாது. நான் குவாய் கேட்கவில்லை. கலகம் தோற்றது, அவர் வேறு நாட்டுக்கு ஓடினார்.

இரண்டு கதையிலும் வந்த படம் நல்லதுதான். கேட்ட ஆள் அதற்குத் தகுதியானவரா என்பதில்தான் சிக்கல். புரோகிராம் மொழியில் சொன்னா, ஒரே அவுட்புட், ஆனா கேட்டவரின் குணமும் அதில் ஒரு இன்புட். இந்த ஒரு திருப்பத்தில்தான் ஒரு குறிநூல் தன்னைத் திருத்திக்கொள்ளும் நூலாக மாறத் தொடங்குது.

ஒரே பாதை, வேறு முடிவு

1973-இல் சாங்ஷா நகரத்துக்குப் பக்கத்தில் மாவாங்டுய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினாங்க. கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை. உள்ளே பட்டுத்துணியில் எழுதின யி ஜிங் பிரதியும், அதோடு சில உரைகளும் இருந்தன. ஒரு உரையில் மாணவர் ட்சுகோங் கன்பூசியஸைக் கேள்வி கேட்கிறார்: நீங்களா வயசான காலத்தில் குறிநூலைக் கையை விட்டு வைக்காமல் இருக்கீங்க, முன்னாடி எங்களுக்கு வேற மாதிரி சொன்னீங்களே என்று. கன்பூசியஸ் கொடுப்பதாக வரும் பதிலின் சாரம் இது. குறிகாரர்களும் பூசாரிகளும் போகிற அதே பாதையில்தான் நானும் போறேன், சேருமிடம் வேறு. அவங்க பலனைத் தேடுறாங்க, நான் அதிலுள்ள அறத்தைத் தேடுறேன்.

உண்மையில் கன்பூசியஸ் அப்படிப் பேசினாரா என்பது வேறு விவாதம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்குள் அவர் பெயரில் இந்தப் பதில் நிலைபெற்றுவிட்டது, அதுதான் நமக்கு வேணும். யி நூலோடு சேர்ந்த 'பத்துச் சிறகுகள்' என்ற உரைகளையும் மரபு அவருக்கே தருது. அதில் ஒரு பகுதி 64 படத்துக்கும் ஒரே அச்சில் விளக்கம் சொல்லும். முதலில் படத்தின் தோற்றம், அடுத்து அதைப் பார்த்து மனிதன் என்ன செய்யணும் என்பது. பெரும்பாலான படங்களில் அந்த மனிதன் ஜுன்ட்சு. தமிழில் சான்றோன் என்பதுதான் கிட்டத்தில் வரும் சொல். பதினைந்தாவது படத்தை எடுத்துக்கோங்க. மேலே நிலம், கீழே மலை. வானம் நோக்கி நிற்க வேண்டிய மலை மண்ணுக்குக் கீழே இருக்கு. அதன் பெயர் பணிவு. 64-இல் ஆறு கோட்டிலும் தீமை சொல்லாத படம் இது ஒன்றுதான் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவாங்க.

இந்த 64 விளக்கத்திலும் "உனக்கு இது நடக்கும்" என்ற பேச்சே இல்லை. இப்படி ஒரு நிலை வந்தால் சான்றோன் இப்படி நடப்பான் என்பதுதான் எல்லாவற்றின் வடிவமும். கேள்வியில் இருந்த எதிர்காலம் விடையில் கடமையா மாறியிருக்கு.

இதை ஒரு படி மேலே கொண்டுபோனவர் ஷுன்சி, கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. யி நூலை நன்றாக அறிந்தவனுக்குக் குறி பார்க்கவே தேவைப்படாது என்ற கருத்து அவருடையது. அப்போ குறி எதற்கு, நூலைப் படித்தாப் போதாதா? சோங் காலத்தில் செங் யீ (1033-1107) கிட்டத்தட்ட அப்படித்தான் உரை எழுதினார், முழுக்க ஒழுக்க நூலாக. அவருக்குப் பின் வந்த ஜூ ஷி (1130-1200) இதை ஏற்கவில்லை. யி முதலில் குறி பார்க்கத்தான் எழுதப்பட்டது, அதை மறைத்துப் படிக்காதீங்க என்றார். இத்தனைக்கும் கன்பூசியத்தை மறுபடி கட்டி நிறுத்தின பெரிய தத்துவவாதி அவர்.

அவர் குறியைப் பிடித்துக்கொண்டது ஏன் என்பதை அவர் வாழ்க்கையே சொல்லுது. 1195-இல் அரசவையில் ஹான் துவோஜோ என்பவரின் கை ஓங்கியிருந்தது, ஜூ ஷியின் நண்பர்கள் வேட்டையாடப்பட்டாங்க. ஜூ ஷி கடுமையான ஒரு விண்ணப்பம் எழுதினார். அனுப்பினா ஆபத்து என்று மாணவர்கள் கெஞ்சினாங்க, கேட்கவில்லை. கடைசியில் குறி பார்த்து முடிவு செய்வோம் என்று ஒத்துக்கொண்டார். வந்த படம் துன், பின்வாங்குதல். எழுதினதை எரித்துவிட்டு, தனக்கே 'பின்வாங்கிய கிழவன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்.

நியாயம் தன் பக்கம் இருக்குன்னு நூறு சதவீதம் நம்புகிறவனைத் தடுத்து நிறுத்த வாதத்தால் முடியாது. எந்த வாதத்துக்கும் அவனிடம் பதில் இருக்கும். அவன் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஒன்று வெளியிலிருந்து வரணும். குச்சி அதைச் செய்தது. யி நூல் முழுதும் அவருக்கு மனப்பாடம், அதில் தனக்குப் பிடித்த படத்தைத் தேர்ந்தெடுப்பது அவருக்கு ரொம்பச் சுலபம். குறி அந்தத் தேர்வைத்தான் அவரிடமிருந்து பிடுங்கியது.

மறுபடி ஏட்டுக்கட்டுக்கு

சரி, இப்போ பெண்ணாடத்துக் கதையைத் திரும்பப் பார்ப்போம்.

முன்னாடியே ஒன்று சொல்லிடறேன், சீனாவிலிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. போக்குவரத்து இருந்தது உண்மை. 1077-இல் முதலாம் குலோத்துங்கன் அனுப்பின 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சோங் அரசவைக்குப் போனது. செங் யீ அப்போ உயிரோட இருந்தார், ஷாவ் யோங் இறந்தது அதே வருஷம். ஜூ ஷியின் முதல் வேலை, 1153-இல், சுவான்ஜோ துறைமுகத்தின் ஆட்சிக்கு உட்பட்ட டோங்ஆன் ஊரில். அதே சுவான்ஜோவில் 1281-இல் தமிழர்கள் சிவனுக்குக் கோயில் எடுத்துத் தமிழில் கல்வெட்டும் வைத்தாங்க. கப்பலும் சரக்கும் போச்சு, வந்தது. குறி சாத்திரம் போனதற்குச் சான்று கிடையாது, தேவையும் இல்லை. நம்மிடமே அதற்கு நீண்ட வேர் இருக்கு. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, விரிச்சி கேட்டு நிற்பாங்க. ஒரு இடைப்பெண் தன் கன்றுக்குட்டியைத் தேற்றி, உன் தாய்மார் இப்போ வந்துடுவாங்கன்னு சொல்வது காதில் விழும். போருக்குப் போன தலைவன் திரும்புவான் என்பதற்கு அதையே விடையா எடுத்துக்குவாங்க. யாரோ யாருக்கோ சொன்ன சொல்லை எனக்கான சொல்லாகக் கேட்பது, விரிச்சி அவ்வளவுதான்.

கயிறு சாத்துவதும் அதே குடும்பம், ஆனா ஒரு வித்தியாசம். தெருவில் கேட்ட சொல்லுக்குப் பதிலா, மரபு தன் உயிரா நினைக்கிற ஒரு நூலே பேசுது. அந்த நூலும் தற்செயலின் வாயிலிருந்து தப்பி வந்ததுதான். திருமுறைகண்ட புராணம் சொல்வது எல்லோருக்கும் தெரியும். சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறைக்குள் மூவர் ஏடுகளும் புற்று மூடிக் கிடந்தன. சோழ அரசன் மூவர் திருவுருவங்களைக் கொண்டுவந்து நிறுத்தி அறையைத் திறக்க வைத்தான். செல்லரித்தது போக மிச்சம் கிடைத்தது. பண் மறந்துபோயிருந்தது, அதை மீட்டுக் கொடுத்தவள் திருஎருக்கத்தம்புலியூரில் இருந்த பாணர் மரபுப் பெண். அந்த ஊர் இன்றைய ராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலம் பக்கம். யி ஜிங்குக்கும் இப்படி ஒரு தப்பித்தல் உண்டு. கி.மு. 213-இல் சின் பேரரசு நூல்களை எரிக்க ஆணையிட்டபோது மருத்துவம், குறி, உழவு நூல்களுக்கு விலக்கு இருந்தது. குறிநூல் என்பதாலேயே யி பிழைத்தது.

இன்று தேவாரத்தில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 800 பதிகம். இதில் ஒரு பொறியாளனுக்கு உடனே எழும் ஆட்சேபம் ஒன்று உண்டு. யி ஜிங்கில் கெட்ட பலனும் வரும். தேவாரப் பதிகங்களோ பெரும்பாலும் கடைசிப் பாட்டில் நல்ல பலன் சொல்லித்தான் முடியுது. கயிறு எங்கே விழுந்தாலும் நல்ல வாக்குதானே, இது எப்படிக் குறி ஆகும்?

கொஞ்சம் உற்றுப் பார்த்தா பதில் கிடைக்குது. அந்தப் பலன்கள் நிபந்தனையோடு வருபவை. இப்பத்தையும் பாடுகிறவர்க்கு, வழிபடுகிறவர்க்கு, குளத்தில் தோய்கிறவர்க்கு என்று. களப்பாளர் கேட்டது "எனக்குப் பிள்ளை பிறக்குமா?" கயிறு கொடுத்தது அதற்கு ஆம், இல்லை என்ற பதில் இல்லை. போய் முழுகு என்றது. அரசி மூ ஜியாங் தன் படத்தில் பார்த்த அதே நிபந்தனை, இங்கே ஒரு செயலாக வந்திருக்கு.

கதை இங்கே இன்னும் கூர்மையாகுது. மரபில் வழங்கும் ஒரு வடிவத்தில், திருவெண்காட்டில் இறைவன் களப்பாளர் கனவில் வந்து, இந்தப் பிறவியில் உனக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்றே சொல்லிவிடுகிறார். ஊழ் தன் தீர்ப்பைச் சொல்லியாச்சு. களப்பாளர் அழவில்லை, மறு கேள்வி கேட்கவில்லை. சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன், கிடைக்கும்போது கிடைக்கட்டும் என்று அங்கேயே இருந்தார். அந்தப் பாட்டை அவர் பற்றியதற்காகவே பிள்ளை அருளப்பட்டது என்கிறது கதை. திருக்குறளில் ஊழ் அதிகாரமும் ஆள்வினையுடைமை அதிகாரமும் எதிரெதிரா நிற்கும் இல்லையா, அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனிதன் எப்படி இருப்பான் என்பதற்கு இவர் ஒரு உதாரணம்.

கயிறு சாத்தினவருக்கு வந்த விடை

எனக்கு இந்தக் கதையில் களப்பாளரைவிட முக்கியமானவர் கயிறு சாத்தின சகலாகம பண்டிதர். பட்டத்தைப் பாருங்க, எல்லா ஆகமமும் கற்றவர். அவர் அடுத்தவருக்காகப் பார்த்த குறியில் பிறந்த குழந்தை, திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தது. மிகச் சிறு வயதிலேயே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று மெய்கண்டார் ஆச்சு. ஊரே அந்தச் சிறுவனிடம் பாடம் கேட்கப் போகுது, பண்டிதரின் மாணவர்கள் உட்பட. பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. நேரே திருவெண்ணெய்நல்லூர் போனார். அங்கே ஆணவ மலம் பற்றிப் பாடம் நடந்துட்டு இருக்கு. ஆணவத்தின் வடிவம் எப்படி இருக்கும் என்று கேட்டார். சிறுவன் வாய் திறக்காமல், எதிரே நிமிர்ந்து நின்ற பண்டிதரையே சுட்டிக்காட்டினான். பண்டிதர் காலில் விழுந்தார். அருணந்தி என்ற பெயர் பெற்றார். சிவஞானபோதத்துக்கு வழிநூலாகச் சிவஞான சித்தியாரை எழுதினது இவர்தான்.

மலை மண்ணுக்குக் கீழே போன படம் இது.

இதே வகைச் சம்பவம் சிதம்பரத்திலும் நடக்குது, இந்தக் குருமரபின் நாலாவது ஆளுக்கு. உமாபதி சிவம் தில்லைவாழ் அந்தணர். பூஜை முடிந்து, கோயில் மரியாதையா வந்த பல்லக்கில், பகலிலேயே தீவட்டி பிடிக்க, வீதியில் போய்க்கொண்டிருந்தார். வழியில் இருந்த மறைஞான சம்பந்தர் அதைப் பார்த்து, செத்த மரத்தின் மேல் பகலில் கண் தெரியாதவர் போகிறார் என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொன்னார். மறைஞான சம்பந்தரும் பெண்ணாடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர்தான். தெருவில் காதில் விழுந்த ஒரு சொல். உமாபதி அதை வசவா எடுத்துக்கொண்டிருக்கலாம். தனக்கான சொல்லா எடுத்துக்கொண்டு, பல்லக்கிலிருந்து குதித்து அவர் பின்னால் போனார். தில்லை அந்தணர்கள் அவரை விலக்கி வைத்தாங்க. ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் இருந்துகொண்டு எழுதினார். மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் எட்டை மரபு அவருக்குத் தருது. அதில் சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235, அதாவது கி.பி. 1313 என்று தன் காலத்தைத் தானே சொல்கிற நூல்.

முதுபெண்டிர் விரிச்சி கேட்டது அடுத்தவர் வருவாரா என்று தெரிஞ்சுக்க. உமாபதி கேட்ட விரிச்சி அவரைப் பல்லக்கிலிருந்து இறக்கியது.

ஒற்றுமை எங்கே நிற்குது

இரண்டு மரபையும் ஒன்று என்று சொல்லி முடித்தா சுலபமா இருக்கும், ஆனா அது சரியா வராது.

கன்பூசிய வழியில் குறி ஒரு கண்ணாடி. அதைப் பார்த்து என்னை நானே திருத்திக்கொள்ள முடியும் என்பது நம்பிக்கை. நாள்தோறும் படித்து, நடந்து, சோதித்துச் சான்றோன் ஆகலாம். கடைசியில் கண்ணாடியே தேவைப்படாமல் போகும் என்றார் ஷுன்சி. சித்தாந்தம் இதை அப்படியே ஒத்துக்காது. அருணந்திக்குப் படிப்பில் குறையே இல்லை. சுயமுயற்சியில் அவரைவிட ஏறினவர் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. ஏறின அந்த 'நான்'தான் நோய். நோயே மருந்தைத் தேடித் தனக்குக் கொடுத்துக்க முடியாது, வெளியிலிருந்து ஒரு விரல் நீண்டாகணும். அதனால்தான் இந்த மரபில் கண்ணாடி போதவில்லை, குரு வேண்டியிருக்கு.

ஆனா ஜூ ஷி தன் விண்ணப்பத்தை எரித்த இடத்தில் இரண்டும் ரொம்பப் பக்கத்தில் வந்துடுது. மனப்பாடமா நூல் தெரிந்தும், தன்னைத் தடுக்கத் தன்னால் முடியாது என்று அவருக்கும் அன்றைக்குத் தெரிஞ்சிருக்கணும். அதனால்தான் குச்சியைக் கையில் எடுக்க ஒத்துக்கொண்டார்.

இதை வைத்து ஒரு சின்னச் சோதனை வைத்துக்கலாம்னு தோணுது. கிளி ஜோசியம், வைத்தீஸ்வரன்கோயில் நாடி, தினப்பலன் ஆப், திருமுறையில் கயிறு, எதுவானாலும் சரி. வந்த விடை கேட்டவனை அப்படியே உட்கார வைத்து, நடக்கப்போவதை மட்டும் சொல்லுதா? அல்லது எழுந்து ஏதாவது செய்யச் சொல்லுதா? அந்தச் செயல் செலவோடு முடியுதா, அல்லது அவன் ஒரு படி இறங்க வேண்டியிருக்கா? மூ ஜியாங்கின் குறிகாரர் நல்ல பலன் சொன்னார், கேட்க இனிமையா இருந்தது. அரசி நூலின் பக்கம் நின்று, தனக்கே எதிராகச் சாட்சி சொன்னார். ட்சுவோ ஜுவான் இரண்டு பேரையும் பதிவு பண்ணியிருக்கு, ஆனா குறிகாரர் பெயரை எழுதவில்லை.

பெண்ணாடம், திருத்துறையூர், திருவெண்ணெய்நல்லூர், சிதம்பரம் கொற்றவன்குடி, இந்த நாலையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும். திருவெண்காடு சீர்காழி தாண்டி இருக்கு, அதற்கு இன்னொரு நாள் வேணும். இப்போ அங்கே பெரும்பாலும் புதன் பரிகாரத்துக்குத்தான் கூட்டம் வருது. போறவங்க அந்த முக்குளத்துப் பதிகத்தை ஒருமுறை முழுசா வாசிச்சுட்டுப் போங்க. கோள்கள் அடியாரை ஒன்றும் செய்யாது என்று மறைக்காட்டில் கோளறு பதிகம் பாடினவரும் அதே சம்பந்தர்தான். கிரகம் சரியில்லை, மதுரைக்கு இப்போ போக வேண்டாம் என்று அவரைத் தடுத்த அப்பர், கல்லோடு மிதந்து கரையேறினது நம்ம கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அவர்கள் இருவருக்கும் நடுவில் நடந்த அந்த உரையாடலைப் பற்றித் தனியா ஒரு குறிப்பு எழுதணும். அடுத்து அதுதான்.